லேபிள் பிரிண்டரைத் தேர்ந்தெடுப்பது லேபிளிலிருந்தே தொடங்க வேண்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது பார்சல்கள் அனுப்புகிறீர்கள். புட்டிகளில் அடைத்து விற்கும் சுத்திகரிப்புத் திரவத்துக்கும், கிடங்கின் அலமாரிகளுக்கும் லேபிள் ஒட்டுகிறீர்கள். இதுவரை ஏ4 ஒட்டுத்தாளை லேசர் பிரிண்டரில் கொடுத்துச் சமாளித்திருக்கிறீர்கள். இப்போது தனியாக ஒரு லேபிள் பிரிண்டர் வாங்கலாம் என்று பார்த்தால், மை பூசிய ரிப்பன் வேண்டுமா வேண்டாமா, 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை அச்சுப்புள்ளிகள் என்ற அளவு) போதுமா அல்லது 300 தேவையா, எந்த மாடல் நல்லது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மாடல் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. மாடல்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றுள் எது உங்களுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

பெரும்பாலானோர் பிரிண்டரை வாங்கிவிட்டு, அதற்குள் போகும் லேபிளைப் பிறகுதான் தேடுகிறார்கள். நான் இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். லேபிள் எத்தனை நாள் தாங்க வேண்டும், எதன்மேல் ஒட்டப்படுகிறது, அதை யார் எந்தக் கருவியால் படிக்கப் போகிறார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டால், கடையில் காட்டப்படும் பிரிண்டர்களில் முக்கால்வாசி தாமாகவே கழிந்துவிடும். உங்கள் மூன்று வேலைகளுக்கும் இந்தக் கேள்விகள் வெவ்வேறு பதில்களைத் தருவதால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம். பார்சல் லேபிள் ஒரு வாரம் இருந்தால் போதும். புட்டியில் ஒட்டியது, சரக்கு விற்று, வாங்கியவர் திரவத்தைத் தீர்க்கும் வரை இருக்க வேண்டும். இடையில் அதன்மேல் அந்தத் திரவமே வழியும். அலமாரி லேபிளோ, அதை ஒட்டியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அங்கேயே இருக்கும்.

டைரக்ட் தெர்மல் என்ற முறையில் மை, டோனர், ரிப்பன் எதுவும் கிடையாது. தாளின் மேற்பூச்சிலேயே நிறமற்ற சாயமும், சூடுபட்டால் அதோடு வினைபுரிந்து அதைக் கருப்பாக்கும் பொருளும் கலந்திருக்கின்றன. அச்சுத்தலையிலுள்ள நுண்ணிய சூடேற்றிகள் தொட்ட இடம் கறுக்கிறது. உங்கள் கையிலிருக்கும் லேபிள் இந்த வகையா என்று அறிய, அதை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். உராய்வின் சூட்டிலேயே கருங்கோடு விழுந்தால் அது டைரக்ட் தெர்மல் தாள். நகச்சூட்டுக்கே வினைபுரியும் பூச்சு, வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் ஜன்னலோரத்திலும் சும்மா இருக்காது. சூடு ஏறினால் வெள்ளைப் பகுதியும் கறுக்கும். வெளிச்சம் தொடர்ந்து பட்டால் கருப்பு வெளிறும். ஆல்கஹால், எண்ணெய், சில பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசியும் இளக்கிப் பொருள் ஆகியவை பட்டால் எழுத்தே மறையும். மேற்பூச்சின்மேல் இன்னொரு காப்புப் பூச்சிட்ட தாள்கள் ஈரத்தையும் எண்ணெயையும் கூடுதலாகத் தாங்கும். சூட்டையும் வெளிச்சத்தையும் அவையும் வெல்வதில்லை.

இதை அனுபவத்தில்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கில், ரிப்பன் செலவை மிச்சப்படுத்துவதாக நினைத்து, நானூறுக்கும் மேற்பட்ட அலமாரிகளுக்கு டைரக்ட் தெர்மல் லேபிள் அடித்து ஒட்டவைத்தேன். உள்வரிசைகளில் பிரச்சினை இல்லை. ஜன்னலை ஒட்டிய இரண்டு வரிசைகளில் மட்டும் ஒரு கோடை கழிவதற்குள் பார்கோடுகள் பழுப்பாகி, ஸ்கேனர் படிக்க மறுத்தது. வேலையாட்கள் எண்ணைக் கையால் தட்டத் தொடங்கினார்கள், அதில் தவறுகள் புகுந்தன, இருப்புக் கணக்கு பிசகியது. மிச்சப்படுத்திய ரிப்பன் செலவைப் போல் பல மடங்கு மறு எண்ணிக்கையில் போயிற்று.

ஆனால் பார்சலுக்கு இந்த முறையைவிட ஏற்றது எதுவுமில்லை. ஒரு வாரத்தில் குப்பைக்குப் போகும் லேபிளுக்கு ரிப்பன் செலவழிப்பது வீண். ஒன்றை மட்டும் விற்பவரிடம் கேளுங்கள். கருப்பாக்கும் பொருளாகப் பல காலம் பயன்பட்ட பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளைத் தெர்மல் தாளில் எடையளவில் 0.02 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் தடுத்திருக்கிறது. நாள் முழுதும் அந்தத் தாளைக் கையாளும் பணியாளர்கள் இருக்கும் இடத்தில், பிஸ்பீனால் ஏ உள்ளிட்ட பீனால் வகைகள் கலக்காத தாள் கிடைக்குமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

மற்ற முறை தெர்மல் டிரான்ஸ்ஃபர். இதில் சூடு ரிப்பனின் முதுகில் பட்டு, ரிப்பனின் மறுபக்கத்திலுள்ள மை உருகி லேபிளில் ஒட்டுகிறது. மெழுகு, மெழுகும் ரெசின் என்ற செயற்கைப் பிசினும் கலந்தது, முழு ரெசின் என ரிப்பன்கள் மூன்று வகை. மெழுகு ரிப்பன் சாதாரணக் காகித லேபிளுக்கு. விலை குறைவு, நகத்தால் சுரண்டினால் உதிரும். கலப்பு ரிப்பன் பளபளப்புக் காகிதத்துக்கும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படலத்துக்கும் பொருந்தும். ரெசின் ரிப்பனோ பாலியெஸ்டர் போன்ற படலங்களின்மேல் இறுகப் பிடித்து வேதிப்பொருள்களைத் தாங்கும். அதற்கு அதிகச் சூடும் குறைந்த வேகமும் தேவை. ரிப்பனும் லேபிளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு நல்ல பிரிண்டரும் பயன்படாது. உங்கள் புட்டிக்கு நான் பரிந்துரைப்பது படல லேபிளும் ரெசின் அல்லது ரெசின் மிகுந்த கலப்பு ரிப்பனும்தான். பிதுக்கும் புட்டியாக இருந்தால் பாலியெஸ்டர் வேண்டாம். அது விறைப்பானது, வளைவில் ஓரம் எழும்பும். பாலிஎதிலீன் படலம் புட்டியோடு சேர்ந்து நெளியும்.

ரிப்பனைப் பற்றி விற்பனையாளர்கள் வழக்கமாகச் சொல்லாத சில செய்திகள் உண்டு. ரிப்பனின் அகலம் லேபிளின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் லேபிளின் ஓரம் அச்சுத்தலையை நேரடியாக உரசித் தேய்க்கும். லேபிள் எவ்வளவு நீளம் நகர்கிறதோ அவ்வளவு நீளம் ரிப்பனும் செலவாகும்; லேபிளில் ஒரு வரிதான் அச்சாகிறது என்பதற்காக ரிப்பன் மிச்சமாகாது. மை வெளிப்புறம் இருக்கச் சுற்றியது, உட்புறம் இருக்கச் சுற்றியது என இரண்டு விதங்களில் ரிப்பன் வருகிறது. பல பிரிண்டர்கள் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். கையிலிருப்பது எது என்று தெரியாவிட்டால், ஒரு லேபிளின் பசைப்பக்கத்தை ரிப்பனின் வெளிப்புறத்தில் அழுத்தி எடுங்கள்; கருப்பு ஒட்டி வந்தால் மை வெளியே இருக்கிறது. இன்னொன்று: பயன்படுத்திய ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால், அச்சான அத்தனையும் வெள்ளெழுத்தாகத் தெரியும். வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் அதில் ஓடியிருந்தால் அதை அப்படியே குப்பையில் போடக் கூடாது.

ரிப்பன் பிரிண்டரில் ரிப்பனைக் கழற்றிவிட்டு டைரக்ட் தெர்மல் தாளையும் ஓட்டலாம்; டைரக்ட் தெர்மல் மட்டும் செய்யும் பிரிண்டரில் ரிப்பனை மாட்ட முடியாது. ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரிப்பன் பிரிண்டரை வாங்குங்கள். இரண்டு வாங்க இயலுமானால், பார்சலுக்கு எளிய டைரக்ட் தெர்மல் ஒன்றும், புட்டிக்கும் அலமாரிக்கும் ரிப்பன் பிரிண்டர் ஒன்றுமாக வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். ஒரே பிரிண்டரில் நாளுக்கு நான்கு முறை ரோலையும் ரிப்பனையும் மாற்றும் இடத்தில், ஐந்தாவது முறை யாராவது தவறான ரோலை மாட்டி முன்னூறு லேபிள் அடித்துவிடுவார்கள்.

அடுத்தது டிபிஐ. இதில் எழுத்தின் அழகைவிடப் பார்கோடு எண்கணிதமே முக்கியம். 203 டிபிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். சில்லறைக் கடைகளில் ஸ்கேன் செய்யும் இஏஎன்-13 பார்கோட்டின் மிக மெல்லிய கோட்டுக்கு விதிக்கப்பட்ட இயல்பளவு 0.33 மில்லிமீட்டர். இதைப் புள்ளிகளாக மாற்றினால் 2.64 வரும். பிரிண்டரால் 0.64 புள்ளியை அச்சிட முடியாது. இரண்டு அல்லது மூன்று புள்ளிதான். மூன்று வைத்தால் கோடு 0.375 மில்லிமீட்டர் ஆகி, இருபுறமும் கட்டாயமாக விட வேண்டிய வெற்றிடத்தோடு மொத்த அகலம் ஏறத்தாழ 42.4 மில்லிமீட்டருக்குப் போகும். இரண்டு வைத்தால் 28 மில்லிமீட்டர் சொச்சத்தில் அடங்கும். ஆனால் அது இயல்பளவில் 76 சதவீதம்தான், பொதுவாக அனுமதிக்கப்படும் கீழ் எல்லையான 80 சதவீதத்துக்கும் குறைவு. உடனுக்குடன் அச்சிடும் தெர்மல் பிரிண்டர்களுக்கு மட்டும் இந்த எல்லையில் சிறு சலுகை உண்டு. அதை நம்பிச் சரக்கை அனுப்புவதை நான் தவிர்ப்பேன். 300 டிபிஐ பிரிண்டரில் நான்கு புள்ளி வைத்தால் கோடு 0.339 மில்லிமீட்டர், மொத்த அகலம் 38 மில்லிமீட்டர் சொச்சம்; இயல்பளவுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. உங்கள் புட்டி லேபிளின் அகலம் 40 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரே எண் 300 டிபிஐ வாங்கச் சொல்கிறது. பார்சலுக்கு 203 தாராளமாகப் போதும்.

இதன் தொடர்ச்சியாக ஒரு வேண்டுகோள்: பார்கோட்டைப் படமாகச் செய்து, லேபிள் மென்பொருளில் அதன் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ கூடவே கூடாது. இழுத்த மாத்திரத்தில் கோடுகள் முழுப்புள்ளிக் கணக்கிலிருந்து விலகி, சில கோடுகள் இரண்டு புள்ளியாகவும் சில மூன்றாகவும் அச்சாகும். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். ஸ்கேனர் அவ்வப்போது திணறும். எண்ணை மட்டும் கொடுத்து, பார்கோட்டை மென்பொருளோ பிரிண்டரோ தானே வரையும்படி விட்டுவிடுங்கள்.

லேபிளில் தமிழ் எழுத்து வர வேண்டுமென்றால் டிபிஐக்கு இன்னொரு காரணமும் கிடைக்கிறது. ஆறு பாயின்ட் எழுத்தளவில் 203 டிபிஐயில் அச்சிட்டால், ஓர் எழுத்தின் உடல் பத்துப் புள்ளி உயரத்துக்குள் முடங்குகிறது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டுமே கறுப்புக் கட்டியாகிவிடும். மேலும், பிரிண்டருக்குள்ளேயே பதிந்து வரும் எழுத்துருக்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்துகளை மட்டும் அறிந்தவை. தமிழைப் பிரிண்டருக்கு நேரடிக் கட்டளையாக அனுப்பினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் எழுத்தைவிட்டு இடம் மாறி நிற்கும். கணினியின் டிரைவர் வழியாகத் தமிழ் வரிகளைப் படமாக அனுப்புவதே நம்பகமானது. வாங்குமுன் ‘கொள்ளளவு’ என்ற ஒரு சொல்லை அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள், எல்லாம் தெரிந்துவிடும்.

பார்கோடு எந்தத் திசையில் அச்சாகிறது என்பதையும் கவனியுங்கள். தாள் நகரும் திசைக்கு இணையாகக் கோடுகள் ஓடினால், வேலிக்கம்புகள் வரிசையாக வெளிவருவது போல, விளிம்பு கூர்மையாக வரும். குறுக்கே, ஏணிப்படிகளைப் போல வந்தால், ஒவ்வொரு படிக்கும் சூடேற்றி சூடாகி உடனே ஆற வேண்டும். வேகம் கூடினால் ஆற நேரமின்றிக் கோட்டின் பின்விளிம்பு கசியும். ஆனால் ஏணி வடிவத்துக்கு ஒரு நற்குணம் உண்டு. அச்சுத்தலையில் ஒரு சூடேற்றி செத்துவிட்டால், லேபிளின் நீளவாக்கில் மயிரிழை அளவு வெள்ளைக்கோடு விழும். ஏணியில் அது எல்லாப் படிகளையும் குறுக்கே வெட்டிச் செல்வதால் ஸ்கேனர் பெரும்பாலும் படித்துவிடும். வேலி வடிவத்தில் அதே வெள்ளை இழை ஒரு கோட்டின் மேலேயே உட்கார்ந்து, அந்தக் கோட்டை மெலியச் செய்து, பார்கோடு முழுவதையும் கெடுத்துவிடும். இருந்தாலும் விளிம்பின் கூர்மைக்காக வேலி வடிவிலேயே அச்சிடுங்கள், வெள்ளை இழை தெரிந்த அன்றே அச்சுத்தலையை மாற்றுங்கள்.

பெரிய தொழிற்சாலை மாடல் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 60 பார்சல், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 18,000 லேபிள். ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் என்றால் 2.7 கிலோமீட்டர். அச்சுத்தலையின் ஆயுளை நீளக் கணக்கில்தான் சொல்வார்கள். 10 இலட்சம் அங்குலம் என்று எழுதியிருந்தால் அது 25.4 கிலோமீட்டர், அதாவது உங்கள் பார்சல் ஓட்டத்துக்கு ஒன்பது ஆண்டு. மேசை மாடல் போதும். அதில் அச்சாகும் அகலம் 104 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கட்டும், பார்சல் லேபிளின் 100 மில்லிமீட்டர் அதில் அடங்கும். மேசை மாடல்கள் பொதுவாக 127 மில்லிமீட்டர் விட்டம் வரையுள்ள ரோலையே ஏற்கும். தொழிற்சாலை மாடலுக்கான பெரிய ரோலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், உள்ளே போகாது. ரிப்பன் மாடலில் 74 மீட்டர் ரிப்பனை மட்டும் ஏற்பதைவிட, 300 மீட்டர் ரிப்பனை ஏற்பது நல்லது; மாற்றும் வேலை நான்கில் ஒன்றாகக் குறையும்.

வேகத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில்கூட ஒரு பார்சல் லேபிள் ஒன்றரை நொடியில் வந்துவிடும். அதைப் பார்சலில் ஒட்டத்தான் நேரமாகிறது.

இனி, விளம்பரத் தாளில் சிறிய எழுத்தில் இருப்பவை. சில பிரிண்டர்கள் ரோலிலுள்ள சில்லையோ குறியையோ படித்து, தங்கள் நிறுவனத்தின் ரோல் இல்லையென்றால் அச்சிடவே மறுக்கும். பிரிண்டர் மலிவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்; ஐந்து ஆண்டு லேபிள் செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு மறைந்துவிடும். வேறு நிறுவனத்தின் வெற்று ரோலைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பதே சோதனை. அடுத்து, பிரிண்டருக்குப் புரியும் கட்டளை மொழி. ஸீப்ரா நிறுவனத்தின் இசட்பிஎல் மொழி கிட்டத்தட்டப் பொதுமொழியாகிவிட்டதால், மற்ற நிறுவனங்களின் பல மாடல்களும் அதைப் புரிந்துகொள்கின்றன. உங்கள் கூரியர் நிறுவனத்தின் மென்பொருள் லேபிளை பிடிஎஃப்பாகத் தருகிறதா, இசட்பிஎல்லாகத் தருகிறதா என்று கேட்டுவிட்டுப் பிரிண்டரைப் பாருங்கள். இரண்டு கணினிகளிலிருந்து அச்சிட வேண்டியிருந்தால் யுஎஸ்பி மட்டும் உள்ளதைத் தவிர்த்து, ஈதர்நெட் உள்ளதை வாங்கி, அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். வைஃபையை நான் கடைசித் தேர்வாகவே வைப்பேன். அவசரமான நேரத்தில்தான் அது இணைப்பை விடும்.

லேபிள்களுக்கு இடையேயான இடைவெளியைப் பார்த்துத்தான் பிரிண்டர் எங்கே தொடங்குவது என்று அறிகிறது. அடித்தாளின் முதுகில் கருப்புக் குறி போட்ட ரோல்களும் உண்டு, ஒளி ஊடுருவும் லேபிளுக்கு அதுவே வசதி. வாங்கும் பிரிண்டரில் இரண்டு வகைச் சென்சாரும் இருக்கட்டும். புது ரோல் மாட்டியதும், பிரிண்டர் அந்த இடைவெளியை அறியும்படி அளவீடு செய்ய மறந்தால் லேபிள் ஒவ்வொன்றும் சற்றுச் சற்று நழுவும். ‘பிரிண்டர் கெட்டுவிட்டது’ என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான்.

வண்ணம் வேண்டுமா என்ற கேள்வி உங்கள் திரவம் என்ன என்பதைப் பொறுத்தது. அபாயக்குறி தேவைப்படும் வேதிப்பொருள் என்றால், சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரம் அச்சாக வேண்டும். சிவப்புச் சட்டத்தை முன்னரே அச்சிட்ட ரோலை வாங்கி, நடுவில் கருப்பை மட்டும் நீங்கள் அச்சிடலாம். அல்லது நிறமி மை பயன்படுத்தும் வண்ண இங்க்ஜெட் லேபிள் பிரிண்டரை வாங்கலாம். சரக்கு கடல் வழியாகப் போகுமென்றால் பிஎஸ் 5609 என்ற பிரிட்டிஷ் தரம் பெற்ற லேபிளும் மையும் வேண்டும்; அந்தத் தரச்சோதனையில் லேபிளைக் கடல்நீரில் மூன்று மாதம் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரே வகை அபாயக்குறி மட்டும் என்றால் முன்னச்சிட்ட ரோலே போதும், வண்ணப் பிரிண்டருக்குப் போக வேண்டாம்.

பராமரிப்பு எளியது, ஆனால் யாரும் செய்வதில்லை. ரோல் அல்லது ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு முறையும், பிரிண்டரை நிறுத்தி, சூடு ஆறிய பின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுத் துணியால் அச்சுத்தலையை ஒரே திசையில் துடைக்க வேண்டும். அச்சு மங்கினால் முதலில் துடையுங்கள். கருமை அளவைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான். கருமையைத் தேவைக்கு மேல் கூட்டினால் கோடுகள் தடித்து இடைவெளிகளை விழுங்கும், தலையும் விரைவில் தேயும்.

பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் உண்மையான தகவலை வைத்து இருபது லேபிள்களை அச்சிட்டு வாங்குங்கள். சிலவற்றைத் திரவம் நிரப்பிய புட்டியில் ஒட்டி, அதன்மேல் அதே திரவத்தை ஊற்றித் துடையுங்கள். சிலவற்றை வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஸ்கேனராலேயே படித்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரை விட்டு நகர்ந்துவிடலாம்.

பழைய லேசர் பிரிண்டரை விற்றுவிட வேண்டாம், ரசீதுகளுக்கு அது உதவும். ஆனால் பாதி லேபிள்களை உரித்துவிட்ட ஏ4 ஒட்டுத்தாளை இரண்டாம் முறை அதற்குள் கொடுக்காதீர்கள். உரித்த இடத்தின் ஓரத்திலுள்ள பசை சூட்டு உருளையில் ஒட்டிக்கொண்டால், அதன்பின் அந்தப் பிரிண்டர் ரசீதுக்கும் உதவாது.